வானத்தின் இரண்டு எசமானர்கள்

2025 மே 21 அன்று தில்லியிலிருந்து ஸ்ரீநகருக்குச் சென்ற இண்டிகோ விமானம் ஆலங்கட்டி மழையில் சிக்கி, மூக்கு உடைந்து தரையிறங்கியதை நண்பர்கள் பலரும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். பயணிகளின் அலறல் பரவிய அளவுக்கு, அதற்குச் சில நிமிடங்கள் முன்பு நடந்த உரையாடல் பேசப்படவில்லை. மேகத்தைத் தவிர்க்க இடப்புறம், அதாவது எல்லைப்பக்கம், ஒதுங்க அனுமதி கேட்டனர் விமானிகள். கேட்டது விமானப்படையின் வடக்குக் கட்டுப்பாட்டு மையத்திடம். கிடைக்கவில்லை. பிறகு லாகூரிடம் கேட்டார்கள், அங்கும் மறுப்பு. திரும்ப நினைத்தபோது மேகம் மிக அருகில் வந்துவிட்டிருந்தது. அதனூடாகவே சென்றார்கள்.

விமானப்படையின் மேல் பழிபோட இதைச் சொல்லவில்லை. பாகிஸ்தான் ஏப்ரல் இறுதியிலேயே தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடிவிட்டது. சண்டை நின்று பதினோரு நாட்களே ஆகியிருந்தன. லாகூரின் அலைவரிசையைக் கொடுத்ததும், பின்னர் ஸ்ரீநகர் வரை வழிகாட்டியதும் அதே படை மையம்தான். என் கேள்வி வேறு. இருநூறுக்கும் மேற்பட்ட சாதாரணப் பயணிகளைச் சுமந்த ஒரு விமானி, முற்றிலும் வேறொரு நோக்கத்துக்காகப் பயிற்றுவிக்கப்பட்ட அமைப்பிடம் தன் பாதையைக் கேட்டு நிற்கும்போது என்ன நடக்கிறது?

சிவில் கட்டுப்பாட்டாளரின் வேலை இரண்டு விமானங்களை ஒன்றையொன்று நெருங்கவிடாமல் வைத்திருப்பது. போர் விமானத்துக்கு ராடார் முன்னமர்ந்து வழிசொல்பவரின் வேலையோ ஒரு விமானத்தை இன்னொன்றின் அருகே கொண்டுசேர்ப்பது. ஏறத்தாழ ஒரே கருவிகள், ஒரே ஆங்கிலச் சொற்கள். ஆனால் தொழில் நேரெதிர். அணியாகப் பறக்கும் நான்கு போர் விமானங்களைக் கட்டுப்பாட்டு அறை ஒரே விமானமாகவே கணக்கிடும். அவற்றுக்குள் இடைவெளி காப்பது அணித்தலைவரின் பொறுப்பு. தேவைப்பட்டால் அவை தம்மை அடையாளம் காட்டும் ட்ரான்ஸ்பாண்டரை அணைத்துவிடலாம். பயணி விமானம் அப்படிச் செய்ய முடியாது. மறுபுறம், உயிராபத்து நேர்ந்தால் கட்டுப்பாட்டாளரின் சொல்லை மீற சிவில் விமானிக்கு உரிமை உண்டு; விளக்கம் பிறகு தரலாம். எல்லையோர வானத்தில் அவ்வுரிமை ஏட்டளவில்தான். 2020 ஜனவரி 8 அன்று சிவில் கட்டுப்பாட்டு அறையின் அனுமதியோடு தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானத்தை ஈரானின் ஏவுகணைப் படையினர் சுட்டு வீழ்த்தினார்கள். இறந்தவர்கள் 176 பேர்.

இந்தப் பிளவு சட்டத்திலேயே இருக்கிறது. 1944இன் சிகாகோ ஒப்பந்தம் சிவில் விமானங்களுக்கு மட்டுமே பொருந்தும். அரசுகள் தம் படை விமானங்களுக்கு விதி வகுக்கையில் சிவில் விமானங்களின் பாதுகாப்பைக் 'கருத்தில் கொள்ள வேண்டும்' என்பதோடு அது நின்றுவிடுகிறது. எவ்வளவு கொள்ள வேண்டும் என்பது அந்தந்த அரசின் மனசாட்சியைப் பொறுத்தது போலும்.

நம் நாட்டில் இதற்கு விலை கொடுத்திருக்கிறோம். 1996 நவம்பர் 12 அன்று சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜக் விமானம் கீழிறங்கியதே நேரடிக் காரணம் என்றது நீதிபதி லகோத்தி ஆணையம். அதில் மறுப்பில்லை. ஆனால் வருகிற விமானமும் போகிற விமானமும் ஏன் ஒரே பாதையில் எதிரெதிரே வந்தன? தில்லியைச் சுற்றிய வானத்தின் பெரும்பகுதி விமானப்படையிடம் இருந்ததால் சிவிலுக்கு ஒற்றைச் சந்துதான் விடப்பட்டிருந்தது. வரவுக்கும் செலவுக்கும் தனிப்பாதை பிறகுதான் வந்தது. 2020 மேயில் கூட, நாட்டின் வான்வெளியில் 60 சதவீதமே தடையின்றிக் கிடைக்கிறது என்று நிதியமைச்சர் அறிவித்தார்.

எங்கள் வாழப்பாடியில் பாக்குக் காயும் களத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் ஒன்றாகத்தான் தெரிகிறது. மேற்கே காமலாபுரத்தில் 2023 அக்டோபரில் மீண்டும் உயிர்பெற்ற சேலம் விமான நிலையம். தென்மேற்கே சூலூர் படைத்தளம். தென்கிழக்கே 2020 முதல் சுகோய்கள் நிற்கும் தஞ்சாவூர். நடுவிலிருக்கும் கோடுகள் வரைபடத்தில் மட்டுமே. சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய ஹெலிகாப்டர் 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே விழுந்து, தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேர் மாண்டார்கள். எதிர்பாராத வானிலை மாற்றம் என்றது விமானப்படையின் சுருக்கமான அறிவிப்பு. மனிதத் தவறு என்றது 2024இல் நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை. முழு விசாரணை அறிக்கை பொதுவில் இல்லை. சிவில் விபத்தென்றால் அறிக்கை வெளிவரும், மற்ற விமானிகள் படிப்பார்கள். படைவிபத்தின் பாடம் படைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதே மலையைச் சுற்றிப் பறக்கும் சிவில் ஹெலிகாப்டர் விமானிக்கு அது எட்டுவதில்லை.

படைக்கு வானம் வேண்டாமென்று யாரும் சொல்ல முடியாது. நான் கேட்பது சிறியது. இடிமேகத்தை ஒதுங்கிப் போக அனுமதி என்ற ஒன்றை மட்டும் மற்ற கோரிக்கைகளிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். படை அதிகாரியும் சிவில் கட்டுப்பாட்டாளரும் ஒரே மேசையில், ஒரே வானிலைத் திரையின் முன் அமர்ந்து இத்தனை நொடிகளுக்குள் பதில் சொல்ல வேண்டுமென்று எழுதப்பட்ட விதி வேண்டும். 'முடியாது' என்பதே பதிலானால், மாற்றுப்பாதை எது என்பதையும் அதே மூச்சில் சொல்லும் கடமையும் அதில் இருக்க வேண்டும்.