பிறர் கையில் கொடுக்காத அதிசயம்

1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபிளெய்ஷ்மன், ஸ்டான்லி பான்ஸ் என்ற வேதியியலாளர்கள் பத்திரிகையாளர்களைக் கூட்டினார்கள். கன நீரில் பல்லேடியம் தண்டை வைத்து மின்சாரம் பாய்ச்சியே அணுக்கரு இணைவை நிகழ்த்திவிட்டதாக அறிவித்தார்கள். அதற்குக் 'குளிர் இணைவு' என்று பெயர் வந்தது. கன நீரில் உள்ள டியூட்டீரியம் அணுக்கருக்கள் இணையும்போது ஏறக்குறையப் பாதி முறை நியூட்ரான் வெளிப்படும். ஒரு வாட் வெப்பத்துக்கே நொடிக்குக் கிட்டத்தட்ட லட்சம் கோடி நியூட்ரான்கள் வந்திருக்க வேண்டும். சில மணி நேரம் அருகில் நின்றாலே உயிர் தங்காது. அங்கே யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அந்த இருவராவது தேர்ந்த விஞ்ஞானிகள். 2011 ஜனவரியில் இத்தாலியின் பொலோன்யாவில் ஆந்திரேயா ரோஸ்ஸி என்பவர் காட்டிய 'ஈ-கேட்' கருவியின் கதை இன்னும் கவலை தருவது. நிக்கலும் ஹைட்ரஜனும் சேர்ந்து பல கிலோவாட் வெப்பம் தருவதாகச் சொன்னார். கருவிக்குள் போகும் நீர் முழுவதும் ஆவியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டுதான் அந்தக் கணக்கு போடப்பட்டது. 20 டிகிரி நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர கிராமுக்கு 80 கலோரி போதும். ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். நீர் கொதிநீராகவே வெளியேறினால், உள்ளதைப்போல் ஏழு மடங்குக்கு மேல் வெப்பம் கணக்கில் ஏறிவிடும். குழாய் முனையை அளவு தெரிந்த குளிர்நீர்த் தொட்டிக்குள் விட்டு, சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தாலே உண்மை விளங்கிவிடும். நிக்கல் செம்பாக மாறுகிறது என்றும் சொல்லப்பட்டது. ஆனால் சோதனைக்குத் தரப்பட்ட, கருவியில் பயன்பட்ட எரிபொருளின் மிச்சத்தில் இருந்த செம்பின் ஐசோடோப்பு விகிதம், பூமியில் கிடைக்கும் சாதாரணச் செம்பின் விகிதமாகவே இருந்தது. அணுவினையில் உருவாகியிருந்தால் அது வேறாக இருந்திருக்கும்.

கோட்பாட்டுக்குப் பொருந்தவில்லை என்பதற்காகப் புதியதை ஒதுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1986-ல் பெட்னார்ஸும் முல்லரும் கண்ட உயர்வெப்பநிலை மீக்கடத்தியை விளக்கவும் அன்று கோட்பாடு இல்லை. ஆனால் சில மாதங்களில் உலகெங்கும் ஆய்வகங்கள் அதைச் செய்து பார்த்தன. மறு ஆண்டே நோபல் பரிசு வந்தது. குளிர் இணைவிலோ, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் உட்படச் சில இடங்களில் இணைவின் தடயமான டிரிட்டியம் கிடைத்ததாக அறிவித்தும், அதை யாராலும் வேண்டும்போது திரும்பக் காட்ட முடியவில்லை. எண்ணெய் நிறுவனங்கள் அமுக்கிவிட்டன என்ற வாதமும் எடுபடாது. கூகுள் தன் சொந்தப் பணத்தில் பல ஆண்டுகள் ஆய்வு நடத்தி, சான்று எதுவும் இல்லை என்று 2019-ல் வெளியிட்டது.

ரோஸ்ஸியும் அவருக்குப் பணம் தந்த நிறுவனமும் நீதிமன்றம் வரை போய் 2017-ல் சமரசமானார்கள். இப்படியொரு கருவிக்கு யாரேனும் முதலீடு கேட்டு வந்தால், அதைப் பிறர் கையில் கொடுத்துச் சோதிக்க விடச் சொல்லுங்கள். மறுத்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.