எரிசாராயமும் என் ஸ்கூட்டரும்

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு வயசாகிவிட்டது. மாமியாருக்கு, மாவரைக்கும் கிரைண்டருக்கு, என் ஸ்கூட்டருக்கு. முதல் இரண்டும் சொன்னபடி கேட்கின்றன என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காலை ஏழரை மணிக்குக் காலை வாரிவிட்டது ஸ்கூட்டர்தான்.

2025 டிசம்பர். நாத்தனார் வீட்டுச் சீமந்தத்துக்குப் போய்விட்டுப் பதினைந்து நாள் கழித்து மாம்பலம் திரும்பியிருந்தோம். அத்தனை நாளும் ஸ்கூட்டர் வாசலில் மழையில் நின்றிருந்தது. மறுநாள் மகளுக்கு அரைப் பரீட்சை, அதுவும் கணக்கு. பொத்தானை அழுத்தினேன், முனகிற்று. கிக்கரை உதைத்தேன், கால்தான் வலித்தது. "அம்மா, மணி எட்டு!" என்று பெண் கண்ணில் நீர் ததும்ப நிற்கிறாள். எதிர் வீட்டுக்காரர் தம் ஆட்டோவை எடுத்திராவிட்டால் அன்று அவள் பரீட்சை போயே போயிருக்கும்.

மெக்கானிக் வந்தார். டாங்கியிலிருந்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாருங்க அக்கா!" என்றார். மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். சரியாகக் கிளறாத மோர் தெளிந்து நிற்குமே, அப்படி இரண்டு அடுக்கு!

"மூடி ரப்பர் வெடிச்சிருக்கு, மழைத் தண்ணி இறங்கிடுச்சு. தண்ணி போனா எந்தப் பெட்ரோலும் மக்கர் பண்ணும். ஆனா இதுல எத்தனால் இருக்கே, அதையும் தண்ணி தன்னோட சேர்த்துக் கீழே இழுத்துக்கிச்சு. குழாய் உறிஞ்சுறது அடியிலேருந்துதானே?"

உள்ளேயிருந்து மாமியார், "எத்தனாலா? அது என்னடி?" என்றார்.

"எரிசாராயம், அத்தை."

"சிவ சிவா! நம் வீட்டு வண்டிக்கா?" மதுவிலக்குக் காலத்தில் வளர்ந்தவர், பாவம், பதறிவிட்டார்.

நம் வீட்டு வண்டிக்கு மட்டுமா? 2003-இல் சில மாநிலங்களில் நூற்றுக்கு 5 பங்கு என்று ஆரம்பித்த கலப்பு இது. 20 பங்கு என்பதை 2030-க்கென்று குறித்திருந்தார்கள். பிறகு அதை 2025-க்கே முன்னால் இழுத்துவிட்டார்கள். கரும்பாலைக் கழிவுப் பாகு, கரும்புச் சாறு, நொய்யரிசி, மக்காச்சோளம் இவற்றிலிருந்து வடிக்கிறார்கள். வெளிநாட்டு எண்ணெய்க்குப் போகும் பணம் மிச்சம், விவசாயிக்கு வரும்படி என்பது சர்க்கார் சொல்லும் நியாயம். நியாயம்தான். ஆனால் வண்டியை உதைப்பவள் நானல்லவா?

சமையலறை பாஷையில் சொல்கிறேன், சகோதரிகளே. பெட்ரோலும் தண்ணீரும் எண்ணெயும் தண்ணீரும் மாதிரி, ஒட்டாது. எத்தனாலும் தண்ணீரும் பாலும் தண்ணீரும் மாதிரி, பிரியாது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிகிறதே, அப்படி இதுவும் ஈரத்தைத் தேடி வாங்கிக்கொள்ளும். கொஞ்சம் ஈரமானால் பெட்ரோலிலேயே கலந்து எரிந்துவிடும். அளவு மீறினால்தான் அந்தப் பாட்டில் காட்சி.

அடுத்தது மைலேஜ். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெட்ரோல் கணக்கும் எழுதுவது என் வழக்கம். முன்பு லிட்டருக்கு 44 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது 42. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள உஷ்ணம் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். பழைய இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 சதவிகிதம் குறையும் என்று 2021-இல் நிதி ஆயோக் அறிக்கையே சொல்லியிருக்கிறது. என் கணக்கில் சற்றுக் கூடத்தான். உஸ்மான் ரோடு நெரிசலுக்கும் அதில் பங்குண்டு என்று விட்டுவிடுகிறேன். மாதத்துக்கு முக்கால் லிட்டர் அதிகம். அதாவது அரைக் கிலோ துவரம் பருப்பு! சரக்கில் சக்தி குறைந்தது. விலை குறையவில்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

பிரேஸில் தேசத்தில் 1975-லேயே இந்தக் காரியத்தில் இறங்கிவிட்டார்கள். 1979-இல் முழுக்க எத்தனாலில் ஓடும் கார்களே வந்தன. குளிர்ந்த காலையில் கிளம்பாது. அதற்காகத் தனியே ஒரு குட்டி டாங்கியில் பெட்ரோல்! 1989 வாக்கில் எத்தனாலுக்குத் தட்டுப்பாடு வந்து அந்தக் கார்க்காரர்கள் திண்டாடினார்கள். 2003 முதல் இரண்டிலும் ஓடும் கார்கள் வந்த பிறகே நிம்மதி. அங்கே எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவிகிதத்துக்குள் இருந்தால் வாங்கலாம் என்பது வாய்க்கணக்கு. தேர்ந்தெடுக்க இரண்டு குழாய் இருந்தால் நானும் கணக்குப் போடுவேன்!

மெக்கானிக் டாங்கியைக் கழுவி, கார்புரேட்டரைத் துடைத்து, மூடி ரப்பரையும் ஊறிப்போன பெட்ரோல் ட்யூபையும் மாற்றினார். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக் சாமான்கள் இந்தக் கலப்பைத் தாங்கும்படி செய்யப்பட்டவையாம். என்னுடையது 2011. "வாரம் இரண்டு தடவையாவது ஓட்டுங்க. ஊருக்குப் போனா மழையில நிறுத்தாதீங்க. ட்யூபை வருஷத்துக்கொரு தரம் பாருங்க," என்றார்.

"விற்றுவிடேன்," என்றார் என் கணவர். என் முதல் சீட்டுப் பணத்தில் வாங்கிய வண்டி. இவளை எல்.கே.ஜி.யில் கொண்டுபோய் விட்டதும் இதில்தான். ப்ளஸ் டூ முடியும்வரை இதுதான் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது ஸ்கூட்டர் மாடிப்படிக்கு அடியில், மழை படாத இடத்தில் நிற்கிறது. அங்கிருந்த கிரைண்டர் கூடத்துக்கு வந்துவிட்டது. மாமியார் மட்டும் தினம் காலையில் வண்டியைக் கடந்து போகும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்.