'80% பணிகள் நிறைவு' என்றால் ரயில் எப்போ வரும்? மயிலாப்பூர் மெட்ரோவை வைத்து ஒரு விளக்கம்

மயிலாப்பூர் லஸ் முனையிலோ தி.நகர் பனகல் பூங்கா பக்கமோ தினமும் போய் வருபவர்களுக்கு மெட்ரோ தடுப்புகள் பழகிப்போன காட்சி. 'இத்தனை சதவீத பணிகள் நிறைவு' என்று செய்தி வரும்போதெல்லாம், 'அப்போ இங்க ஏன் இன்னும் தோண்டிக்கிட்டே இருக்காங்க?' என்ற கேள்வியும் கூடவே வருகிறது. செய்தியும் பொய் இல்லை, கேள்வியும் தப்பில்லை. அந்த சதவீதம் எதை வைத்து போடப்பட்டது என்பதில்தான் விஷயமே இருக்கு.

ஒரே வேலை, பல சதவீதம்

பெரிய கட்டுமானங்களின் கால அட்டவணையை பிரைமவேரா, மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் போன்ற மென்பொருள்களில்தான் போடுகிறார்கள். மைக்ரோசாஃப்ட் புராஜெக்டில் வழக்கமாகத் தெரியும் சதவீதம், நாள் கணக்கு. 10 நாள் வேலையில் 5 நாள் ஓடிவிட்டதாகப் பதிவானால் 50%. அந்த 5 நாளில் உண்மையில் எவ்வளவு வேலை நடந்தது என்பதைத் தனியாகக் குறிக்க வேண்டும். பிரைமவேராவில் காலமா, உழைப்பா, களத்தில் அளந்து பார்த்த அளவா என ஒவ்வொரு வேலைக்கும் தேர்வு செய்யலாம்.

பணக் கணக்கு இன்னொரு ரகம். சுரங்கம் தோண்டும் இயந்திரம் வந்து இறங்கும்போதே பெரும் தொகை செலவாகிவிடும். ஆனா, ஒரு மீட்டர்கூட தோண்டியிருக்க மாட்டாங்க.

எளிமையா சொல்லணும்னா, வீடு கட்டுவது மாதிரி. தளம் போட்டாச்சு, பூச்சு வேலையும் முடிஞ்சது, கையில் இருந்த காசில் முக்கால்வாசி போயாச்சு. கரண்ட் கனெக்‌ஷன் வரலைன்னா குடி போக முடியுமா?

அடையாறில் அளக்கலாம், மயிலாப்பூரில்?

சுரங்கப்பாதையை அளப்பது ஓரளவு சுலபம். கிரீன்வேஸ் சாலையிலிருந்து அடையாறு ஆற்றுக்கு அடியில் 2023 பிப்ரவரியில் கிளம்பிய 'காவேரி' இயந்திரம், சுமார் 1.2 கி.மீ. தாண்டி 2024-ல்தான் அடையாறு சந்திப்பை எட்டியது. எத்தனை மீட்டர் போனது, எத்தனை வளையம் பொருத்தினார்கள் என்று எண்ணிவிடலாம். பாறை வந்தால் வேகம் குறையும் என்பதால், இங்கே நாள் கணக்கை நம்பினால் ஏமாற்றம்தான்.

திருமயிலை நிலையம் வேறு கதை. மாதவரம்–சிப்காட், கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி என இரண்டு வழித்தடங்கள் பூமிக்கடியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கடக்கும் இடம் அது. ஆழம் சுமார் 35 மீட்டர். மேலே பறக்கும் ரயில், சுற்றிலும் கட்டடங்கள். இதில் '60%' என்றால் எதில் 60%? சுவரா, தோண்டிய மண்ணா, தளமா?

சராசரி மறைப்பது

இரண்டாம் கட்ட மெட்ரோ மொத்தம் 118.9 கி.மீ., மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். பூந்தமல்லி பக்கம் தூண்கள் மேல் போகும் பாதை என்பதால் வேலை வேகமாக நடந்து, 2025 மார்ச்சில் சோதனை ஓட்டமே நடந்தது. அந்த வேகம் மொத்த சதவீதத்தை ஏற்றிவிடும். லஸ்ஸில் நிற்பவருக்கு அந்த எண்ணால் என்ன பயன்?

சதவீதம் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நம்ம ஊர் பறக்கும் ரயிலே சாட்சி. வேளச்சேரி–பரங்கிமலை இடையே 5 கி.மீ. நீட்டிப்புப் பணி 2008-ல் தொடங்கியது. பெரும்பகுதி எழும்பியும், கடைசி 500 மீட்டர் நில விவகாரத்தில் பல வருஷம் நின்றது. நீளக் கணக்கில் 90%. அத்தனை வருஷமும் அதில் ஏறிப்போன பயணிகள், பூஜ்யம்.

அதனால்தான் அட்டவணை போடும் பொறியாளர்கள் சதவீதத்தைவிட 'இன்னும் எத்தனை நாள் மீதி?' என்று கேட்கிறார்கள். அதுவும் எல்லா வேலைக்கும் இல்லை. ஒரு நாள் தள்ளினால் திறப்பு விழாவே ஒரு நாள் தள்ளிப்போகும் வேலைகள் சில இருக்கும். மென்பொருள் அவற்றைத் தனியாகக் காட்டிவிடும். வாரா வாரம் ஆய்வுக் கூட்டத்தில் அலசப்பட வேண்டியது அந்தப் பட்டியல். நம்ம போனுக்கு வந்து சேர்வது என்னவோ சராசரி சதவீதம் மட்டும்தான்.