அட்டைக்குள் இருக்கும் தங்கம்



பிள்ளை பிறந்து 31ஆம் நாள் பஞ்சாயுதம், சாமத்தியச் சடங்குக்குச் சங்கிலி, கலியாணத்துக்குத் தாலிக்கொடி. திருகோணமலைத் திரியாயில் பிறந்த பெண்ணுக்குத் தங்கம் இப்படித்தான் வந்து சேரும். இப்போது அந்த வரிசையில் தங்கக் கட்டியும் நுழைந்துவிட்டது. சுவிசிலிருந்து வருகிற சித்தப்பா வங்கி அட்டை அளவிலான பிளாஸ்டிக் உறை ஒன்றை மணமகளின் கையில் வைக்கிறார். உள்ளே 10 கிராம் கட்டி. அதில் 999.9 என்ற தூய்மைக் குறி, கீழே தொடர் இலக்கம். “இதைப் பிள்ளை எங்கே போடுறது?” என்று அம்மம்மா கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

கணக்கைப் பார்த்தால் சித்தப்பா ஏமாளி இல்லை. நமது பவுண் 8 கிராம். 10 கிராம் என்றால் ஒன்றேகால் பவுண். 22 கரட் நகையில் ஒரு பவுணுக்குள் இருக்கும் சுத்தத் தங்கம் 7.33 கிராம்தான். செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது. கட்டியில் அந்த நட்டம் குறைவு. ஆனால் 1 கிராம், 2 கிராம் என்று சின்னதாக வாங்கினால் கிராமுக்குக் கொடுக்கும் மேலதிக விலை ஏறிவிடும். உரைகல்லில் தேய்த்துப் பார்க்கும் ஆசையில் உறையைப் பிரித்துவிட வேண்டாம். பிரித்த கட்டியை வாங்குகிறவர் மறுபடி சோதிக்கச் சொல்வார், விலையையும் குறைப்பார்.

நகைக்கு இன்னொரு வேலையும் உண்டு. 1985இல் போரில் திரியாயில் வீடுகள் எரிந்து சனம் இடம்பெயர்ந்தபோது வயலையும் மாட்டையும் யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. கழுத்திலும் காதிலும் கிடந்ததுதான் கூடப் போனது. வேளாண்மைக் காசுக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் சங்கிலியை அடைவு வைத்துத்தானே சமாளிக்கிறோம். கட்டியை அப்படி வைக்க முடியுமா? இந்தியாவில் தங்கக் கட்டியின் பேரில் வங்கிகள் கடன் கொடுக்க அனுமதி இல்லை. இங்கே உங்கள் வங்கி ஏற்குமா என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். ஏற்காது என்றால், அவசரத்துக்கு அதை விற்பதுதான் வழி.

2025 ஒக்டோபரில் உலகச் சந்தையில் தங்கம் முதற்தடவையாக அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டியது. அதைக் கேட்டுக் காணியை விற்றுக் கட்டி வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 2011இல் 1,900 டொலரைத் தொட்ட தங்கம் 2015 முடிவில் 1,050 அளவுக்கு இறங்கியது. இடையில் 2013இல் ஏற்பட்ட வீழ்ச்சியில், அடைவு நகைகளை மீட்க ஆள் வராமல் இலங்கை வங்கிகளே திண்டாடின. தங்கம் வட்டி தராது, வாடகையும் தராது. கடன்பட்டு வாங்குவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். கையிருப்பில் ஒரு பங்கு, பத்து வருடம் தொடாமல் வைக்கலாம் என்றால் வாங்குங்கள்.

பரிசாகக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டியோடு பற்றுச்சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள். வன்னியில் புலிகள் நடத்திய தமிழீழ வைப்பகத்தில் சனம் அடைவு வைத்த நகைகள் 2009இல் போரோடு கைவிட்டுப் போயின. அப்போது இராணுவம் எடுத்து வைத்திருந்த தங்கப் பொருட்கள் 2025 மே மாதம் பொலிசாரிடம் ஒப்படைக்கப்பட்டன. அடைவுத் துண்டு இல்லாதவர் எதைக் காட்டித் தன்னுடையது என்பார்? கட்டிக்கு அந்தச் சிக்கல் குறைவு. தொடர் இலக்கம் ஒன்றே அடையாளம். ஆனால் அந்த இலக்கம் கட்டி இருக்கிற அதே அலுமாரிக்குள் மட்டும் இருந்தால் என்ன பயன்?

ஆகவே இன்றைக்கே உறையையும் பற்றுச்சீட்டையும் கைப்பேசியில் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான உறவு ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பற்றுச்சீட்டில் மணமகளின் பெயரையே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்