விடிந்தால் குமட்டல்

காலையில் ஒரு பெண் பல் தேய்க்கிற இடத்தில் ஓங்கரித்தால் போதும், "என்ன, விசேஷமா?" என்று வீட்டில் எல்லார் முகமும் மலர்ந்துவிடும். கலியாணமாகி இரண்டு மூன்று வருஷம் ஆனவள் என்றால் கேட்கவே வேண்டாம், பாயசத்துக்குச் சேமியா வறுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

எங்கள் தெருவில் ஒரு மருமகளுக்கு இப்படித்தான் மூன்று வாரம் தினமும் குமட்டல். மாமியாருக்கு ஒரே பூரிப்பு. டாக்டரம்மாவிடம் போய்ப் பரிசோதித்தால், கர்ப்பம் இல்லை! அதற்கப்புறம் அந்தப் பெண் குமட்டலை வெளியே காட்டிக்கொள்வதையே விட்டுவிட்டாள். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, சத்தம் கேட்காமல் ஓங்கரிப்பாளாம். "மறுபடியும் எல்லாரும் ஆசைப்பட்டு, மறுபடியும் இல்லேன்னு ஆயிட்டா என்ன பண்றது அக்கா?" என்றாள் என்னிடம். குமட்டலைவிட இந்தப் பயம்தான் அவளை அதிகம் வாட்டிக்கொண்டிருந்தது.

"சரி, எப்போ, என்ன சாப்பிடறே?" என்று கேட்டேன். விடியற்காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் டிகாஷன் தூக்கலாக ஒரு காபி. டிபன், சமையல், டப்பா கட்டுவது எல்லாம் முடிந்து, இவள் இட்லியைத் தொடும்போது மணி பதினொன்று. நடுவில் இன்னொரு காபி. ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின், பத்தரை மணிக்கு மிச்சச் சாதம், மத்தியானப் புளிக்குழம்பு, எண்ணெயில் வதங்கிய கறி. வீணாகக் கூடாதே என்று எல்லாவற்றையும் வழித்துப் போட்டுக்கொள்வாள். பதினொன்றுக்குப் படுக்கை. நம்மில் எத்தனை பேர் வீட்டில் இதே கதை, சொல்லுங்கள்!

சாப்பிட்ட சோறு இரைப்பையை விட்டு இறங்கச் சில மணி நேரமாகும். எண்ணெய்ப் பண்டமானால் இன்னும் தாமதம். அதற்குள் படுத்தால், வயிற்றிலுள்ள அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறி வருகிறது. நின்றுகொண்டிருந்தால் அது தானே இறங்கிவிடும். தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் குறைவு என்பதால், ஏறிய அமிலம் கழுவப்படாமல் அங்கேயே தங்கிவிடும். விடிந்ததும் நெஞ்சுக் கரிப்பு, வாயில் புளிப்பு, குமட்டல். அதன்மேல் கடுங்காபியை ஊற்றினால் பலருக்கு இன்னும் மோசமாகிறது.

மனசும் இதில் சேர்ந்துகொள்கிறது. மூளைக்கும் வயிற்றுக்கும் நேரடி நரம்புத் தொடர்பு உண்டு. பயத்திலும் பரபரப்பிலும் இரைப்பையின் வேலை மந்தப்படும். பரீட்சையன்று காலையில் குழந்தைகள் "வயிறு என்னமோ பண்ணுதும்மா" என்பது பொய்யில்லை.

ஆகவே வைத்தியத்தை முந்தின ராத்திரியே ஆரம்பிக்க வேண்டும். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். மிச்சத்தையெல்லாம் போட நம் வயிறு என்ன கழுநீர்த் தொட்டியா? இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. நெஞ்சுக் கரிப்பு உள்ளவர்கள் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு ஆறு அங்குல மரக்கட்டை வைக்கலாம். தலையணையை அடுக்குவதில் பிரயோசனமில்லை, வயிறுதான் மடங்கும். காலையில் எழுந்ததும் கொஞ்சம் வெந்நீர், ஒரு பிடி பொரி அல்லது ஒரு ரஸ்க், காபி அப்புறம். நாக்கு வழிக்கிறேன் என்று தொண்டை வரை விட்டுக் குடையாதீர்கள், யாருக்கானாலும் குமட்டத்தான் செய்யும். இஞ்சித் தண்ணீர் சிலருக்குக் கேட்கும், சிலருக்கு நெஞ்சைக் கரிக்கும்.

அந்த மருமகள் ஒருநாள் துணிந்து மாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இப்போது எட்டு மணிக்கு, "நீயும் உக்காரும்மா, அவங்கவங்க போட்டுக்கட்டும்" என்கிறாராம். குமட்டல் பெரிதும் குறைந்துவிட்டது. இரண்டாவது காபியைத்தான் விடமாட்டேன் என்கிறாள்!

நாள் தள்ளியிருந்தால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்துகொண்டு, பிறகு மற்றதை யோசியுங்கள். மசக்கை பெரும்பாலும் ஆறாவது வாரத்தையொட்டி ஆரம்பித்து, நாலைந்து மாதத்துக்குள் அடங்கிவிடும். ஒரேயடியாகச் சாப்பிடாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடுவது அவர்களுக்கும் பொருந்தும். இரும்புச் சத்து மாத்திரை குமட்டினால் நிறுத்திவிடாமல், ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தியெடுத்து, சிறுநீரும் குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கர்ப்பம் இல்லாதவர்களும் சோடா குடித்தே மாதக்கணக்கில் ஓட்ட வேண்டாம். வயிற்றுப் புண்ணுக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். ஒரு கிருமியால் அது வரலாம் என்று கண்டு சொன்ன ஆஸ்திரேலிய டாக்டர்கள் பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கச் சோதனையும் உண்டு, ஒழிக்க மருந்தும் உண்டு. அடிக்கடி தலைவலி மாத்திரை, மூட்டுவலி மாத்திரை விழுங்குகிறவர்கள் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வாந்தியில் ரத்தம், கறுப்பாக மலம், கண்ணில் மஞ்சள், காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது – இவற்றில் ஒன்று இருந்தாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே புறப்படுங்கள்.