நாடாவுக்கு முன்னால் சாகும் இயக்கி

பழைய இலக்கியக் கூட்டங்களின் ஒளிநாடாக்களைக் கணினிக்கு மாற்றுவது குறித்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நாடாவைப் பற்றியே பேசுகிறார்கள். ஈரம், பூஞ்சை, காந்தப் பூச்சு உதிர்தல் எல்லாம் உண்மைதான். ஆனால் நாடாவுக்கு முன்பாகவே செத்துப்போவது வேறொன்று. பதிவு அட்டைக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே நின்று இருவரையும் பேசவைக்கும் டிரைவர் எனும் இயக்கி. அதைப் பற்றி நம் சூழலில் எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

எங்களிடம் 1990களின் வாசகர் சந்திப்புகளும் நூல் வெளியீடுகளும் பதிவான இருபத்துச் சொச்சம் வி.எச்.எஸ். நாடாக்கள் இருக்கின்றன. பேசியவர்களில் சிலர் இன்று இல்லை. அவர்களில் ஒருவர் கடைசிவரை அச்சேறாத தன் கதையொன்றை வாசிக்கிறார். அதன் கையெழுத்துப் பிரதி அவர் குடும்பத்தாரிடமும் இல்லை. அந்த நாற்பது நிமிடங்கள் போனால் கதையும் போயிற்று.

வி.சி.ஆரிலிருந்து வருவது தொடர் மின்னலை. நம் நாட்டில் வழங்கிய ‘பால்’ முறையில் (பசுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) நொடிக்கு 25 சட்டகங்கள். 625 கோடுகளில் படத்துக்கு உரியவை 576. பதிவு அட்டை இதைப் புள்ளிகளாக்கி எண்களாக மாற்றுகிறது. புள்ளிக்கு இரண்டு பைட் வீதம் 720க்கு 576 என்ற அளவில் சுருக்காமல் சேமித்தால் நொடிக்குச் சுமார் 20 மெகாபைட். ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு 70 கிகாபைட்டுக்கு மேல். இந்த வெள்ளத்தை இடைவிடாமல் வாங்கி வன்தட்டுக்குக் கடத்த வழி சொல்வதுதான் இயக்கியின் வேலை.

திரைக்கும் பதிவுக்கும் ஒரே கிராஃபிக்ஸ் அட்டை என்பது ஒரு காலத்தின் ஆசை. ஏ.டி.ஐ. நிறுவனம் 1996இல் தொடங்கிய ‘ஆல்-இன்-வொண்டர்’ வரிசை அதில் புகழ்பெற்றது. 2006இல் ஏ.டி.ஐ.யை ஏ.எம்.டி. வாங்கியது, அடுத்த சில ஆண்டுகளில் அந்த வரிசையே நின்றுபோயிற்று. இதற்கிடையே 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது திரை இயக்கிகளின் அமைப்பே மாறியது. பழைய பதிவு அட்டைகள் பலவற்றுக்குப் புதிய இயக்கி எழுதப்படவேயில்லை. சில்லு நலமாக இருக்கிறது. அதனோடு பேசும் மொழி மறைந்துவிட்டது. நல்ல சுவடி கையில் இருந்தும் அந்த எழுத்தைப் படிக்க ஆளில்லாத கதை.

ஆகவே நாங்கள் எக்ஸ்.பி. ஓடும் பழைய கணினி ஒன்றை இணையத் தொடர்பைத் துண்டித்து இதற்கென்றே வைத்திருக்கிறோம். அட்டையின் பெயர் இங்கே வேண்டாம். அதில் நிறுவும் வரிசை முக்கியம். முந்தைய இயக்கியின் எச்சங்களை ‘சேஃப் மோடில்’ முழுக்க நீக்கி, பிறகு திரை இயக்கி, அதன் பின் அதே பதிப்புக்குரிய பதிவு இயக்கி, கடைசியில் பதிவு மென்பொருள். வரிசை பிசகினால் ஒலி வரும், படம் வராது. அல்லது கருவியே இல்லை என்று கணினி சாதிக்கும்.

எல்லாக் கோளாறும் இயக்கியின் குற்றமல்ல. சுருக்காத பதிவு மூன்றரை நிமிடத்தில் நின்றால் காரணம் எஃப்.ஏ.டி.32 முறையில் அமைந்த வன்தட்டு. அதில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்டாது. என்.டி.எஃப்.எஸ்.ஸுக்கு மாற்றினால் தீர்ந்தது. பேச்சும் உதட்டசைவும் மெல்ல மெல்ல விலகினால், படத்தைப் பதியும் அட்டையும் ஒலி அட்டையும் தனித்தனிக் கடிகாரங்களோடு ஓடுகின்றன என்று பொருள். திரையில் ஓடும் படத்தைத் திரைப்பதிவு மென்பொருளால் பிடித்துவிடலாம் என்று சிலர் முயல்வதுண்டு. அட்டை படத்தை நேரே திரையில் ஒட்டும் ‘ஓவர்லே’ முறையில் கறுப்புக் கட்டம்தான் மிஞ்சும்.

எங்களைச் சினங்கொள்ள வைத்தது வேறு. வணிகத் திரைப்பட நாடாக்களில் நகலெடுப்பதைத் தடுக்க, படம் தெரியாத கோடுகளில் ‘மேக்ரோவிஷன்’ எனும் துடிப்புகளைச் சேர்த்தார்கள். அவற்றைக் கண்டால் பதிய மறுக்கும்படி சில இயக்கிகள் எழுதப்பட்டன. தேய்ந்த நாடாவில் அதே கோடுகளில் எழும் நடுக்கத்தையும் அவை தடை என்றே எடுத்துக்கொள்கின்றன. எழுதியவர் தன் கதையைத் தானே வாசிக்க, அதைத் திருட்டு நகல் என்று ஒரு மென்பொருள் தீர்ப்பளிக்கிறது! அலையை ஒழுங்குபடுத்தும் ‘டைம் பேஸ் கரெக்டர்’ கருவியை நடுவில் வைத்தால் பெரும்பாலும் வழிவிடுகிறது. அந்தக் கருவியும் இப்போது பழைய சாமான் சந்தையில்தான் தேட வேண்டும். வி.சி.ஆரும் அப்படித்தான், கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திக்கொண்டது.

சில நூறு ரூபாய்க்கு யு.எஸ்.பி. கருவி கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, சிலருக்கு அது போதும். ஆனால் ‘ஈஸிகேப்’ என்ற ஒரே பெயரில், ஒரே ஓட்டுக்குள் வெவ்வேறு சில்லுகளை வைத்து விற்றார்கள். எந்தச் சில்லு என்று தெரியாமல் சரியான இயக்கியைப் பிடிக்க முடியாது. இதற்கு மாறாக, 1990களில் பரவிய புரூக்ட்ரீ நிறுவனத்தின் சில்லுகளுக்குத் தன்னார்வலர்கள் எழுதிய இயக்கி லினக்ஸில் இன்றும் இருக்கிறது. மூல நிரல் திறந்திருந்ததால் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர முடிந்தது.

ஒரு கருவியைக் கைவிடும் நிறுவனம் அதன் இயக்கியின் மூல நிரலையோ, சில்லின் ஆவணங்களையோ வெளியிட வேண்டும் என்று சட்டமே கேட்க வேண்டும் என்பது எங்கள் கட்சி. வணிக ரகசியம் என்பார்கள். விற்பனையே நின்றுபோன பொருளில் காக்க வேண்டிய ரகசியம் என்ன என்பது விளங்கவில்லை. அதுவரை, ஆவணம் சேர்க்கும் நண்பர்கள் நாடாவோடு அட்டையையும் அதனுடன் வந்த குறுந்தகட்டையும் எடுத்து வைக்கலாம். பரணைச் சுத்தம் செய்யும்போது முதலில் குப்பைக்குப் போவது அந்தக் குறுந்தகடுதான்.

கதை வாசிப்பு உள்ள நாடாவை இன்னும் வி.சி.ஆரில் இடவில்லை. அதே ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்யாண நாடாவை வைத்து முதலில் சோதித்துக்கொண்டிருக்கிறோம். நாதஸ்வரமும் படமும் முதல் அரை மணி நேரம் சேர்ந்தே வருகின்றன.