பதிப்பும் மறுஅச்சும் ஒன்றல்ல

ஆய்வேட்டின் ஓர் இயலில், “இந்நூலாசிரியர் மூன்றாம் பதிப்பிலும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை” என்று எழுதியிருந்தேன். நெறியாளர் அவ்வரியைச் சுழித்து, “முதற்பதிப்பைப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். நூலகத்தில் தேடி எடுத்து இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டேன். அச்சுப்பிழைகள்கூட அப்படியே இருந்தன. ‘மூன்றாம் பதிப்பு’ என்றது மூன்றாம் முறை அச்சிட்டதை மட்டுமே. ஆசிரியர் தம் கருத்தை மீண்டும் எண்ணிப் பார்த்தார் என்பதற்கு அதில் சான்றேதும் இல்லை. அவ்வரியை நீக்கினேன், அதன்மேல் கட்டிய வாதமும் சரிந்தது.

‘பதிப்பு’ என்பது ‘பதித்தல்’ என்னும் வினையிலிருந்து வந்த பெயர். முத்திரை பதிக்கிறோம், நகையில் கல் பதிக்கிறோம். ஒன்றை மற்றொன்றில் அழுந்தச் செய்வதே இதன் அடிப்படைப் பொருள். அச்சுத்தொழிலுக்கு இது இயல்பாகவே பொருந்தியது. ஆங்கிலத்தின் ‘எடிஷன்’ வேறு வழியில் வந்தது. ‘வெளியே தருதல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினை அதன் வேர். ஆகவே எடிஷன், இம்ப்ரெஷன் என்று ஆங்கிலப் பதிப்புத்துறை பிரித்துக் காணும் இரண்டையும் தமிழில் ஒரே சொல் சுமக்கிறது. நாளிதழின் ‘மதுரைப் பதிப்பு’, கைபேசியின் ‘சிறப்புப் பதிப்பு’ எனச் சுமை இன்னும் கூடுகிறது.

பல்பொருள் சொல்லுக்குக் குற்றமன்று. சூழல் பொருளைத் தெளிவாக்கும் வரை இடரில்லை. நூலின் உரிமைப் பக்கத்தில் அச்சூழல் கிடைப்பதில்லை என்பதே சிக்கல்.

உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். அதன் இரண்டாம் பதிப்பு 1907இல் வந்தது. இடைப்பட்ட 20 ஆண்டுகளின் தேடலும் திருத்தமும் ‘இரண்டாம்’ என்ற சொல்லுக்குள் அடங்கியுள்ளன. இன்று தேவைக்கேற்ப நூறு, இருநூறு படிகளாக அச்சிடும் வசதி வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் எண்ணைக் கூட்டி, ‘ஐந்தாம் பதிப்பு’ என்று அட்டையில் போட்டால் அது விற்பனைக்கு உதவலாம். ஆனால் அதே சொல் ஒரு பதிப்பாசிரியரின் உழைப்பையும் அச்சுப்பொறியின் ஓட்டத்தையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது.

தீர்வுக்குப் புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை. ‘மறுஅச்சு’, ‘திருத்திய பதிப்பு’ ஆகியவை வழக்கில் உள்ளவையே. ஐ.எஸ்.பி.என். விதியும் இவ்வேறுபாட்டை ஏற்கிறது: உள்ளடக்கம் குறிப்பிடத்தக்க அளவில் மாறினால் புதிய எண் வேண்டும், மாற்றமில்லாத மறுஅச்சுக்கு வேண்டியதில்லை. ஆகவே உரிமைப் பக்கத்தில் எண் அச்சிட்டிருந்தால் அதையும் ஒப்பிடுங்கள்.

பதிப்பகத்தார் மாறும் வரை நாம் காத்திருக்க வேண்டுமா? துணைநூற்பட்டியலில் முதற்பதிப்பின் ஆண்டையும், நாம் பயன்படுத்திய படியின் ஆண்டையும், அது மறுஅச்சா திருத்திய பதிப்பா என்பதையும் குறிப்போம். ஓர் ஆசிரியர் எப்போது என்ன சொன்னார் என்பதே பல ஆய்வுகளின் அடித்தளம். அதை உரிமைப் பக்கத்தின் ஒற்றைச் சொல்லை நம்பி எழுதலாகாது.